முதலைக்குக் கரையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மும்பைச் செய்திப் பக்கத்தில், பவாய் ஏரிக்கரையில் ஒரு முதலை வெயில் காய்கிற படத்தைப் போட்டு, "ஊருக்குள் முதலை, மக்கள் பீதி" என்று தலைப்பு கொடுத்திருந்தீர்கள். படம் அருமை. தலைப்போடுதான் எனக்கு வழக்கு. அந்த முதலை படுத்திருந்த மண்சரிவை நான் வாரத்தில் நாலைந்து நாள் பார்க்கிறவன். அதன் எதிரே சாலையோர நடைபாதையில் நின்றவர்களில் யாரும் பீதியடைந்ததாக எனக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அது பொம்மையா நிஜமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்ததால் வந்த சந்தேகம். முதலைக்கு வியர்க்காது. உடம்பு சூடேறினால் வாயைப் பிளந்து வைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாக்கிநாக்காவில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். லேத் பட்டறையில் வேலை பார்த்து, காது கொஞ்சம் மந்தமாகி, ஓய்வு பெற்றவன். டாக்டர் நடக்கச் சொன்னதால் சாக்கி விஹார் ரோடு வழியாக ஏரி வரைக்கும் போய் வருகிறேன். அதற்கும் முதலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், நான் பிறந்து வளர்ந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதிநகர். அப்பா அமராவதி அணையில் பொதுப்பணித்துறை லஸ்கர். ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, காலையும் மாலையும் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது, இதுதான் அவர் வேலை. எங்கள் வீட்டில் முதலை என்பது அண்டை வீட்டுக்காரர் மாதிரி. அதிகம் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் எந்நேரம் எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கட்டடங்கள் பிறகு வந்தவை, முதலைதான் முதல் குடி என்று வாதாடத்தான் நான் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வாதம் இங்கே நிற்காது. பவாய் ஏரியே மனிதன் கட்டியது. குடிநீருக்காக வெள்ளைக்காரர் காலத்தில் 1891 வாக்கில் அணை போட்டுத் தேக்கினார்கள். தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று கொஞ்ச காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் விஹார் ஏரி 1860இல் முடிந்தது, துளசி ஏரி 1879இல். அவையும் கட்டியவைதான். எங்கள் அமராவதி அணை 1957இல் கட்டியது. இத்தனையிலும் முதலை இருக்கிறது. விஹார், துளசி தண்ணீர் இன்றைக்கும் இந்த ஊர்க் குழாயில் கலந்து வருகிறது. அதாவது முதலை நீந்துகிற தண்ணீரைத்தான் (சுத்திகரித்து) நாம் டீ போட்டுக் குடிக்கிறோம். அதற்காக யாரும் பீதியடையவில்லை.

ஆக, முதலைக்குத் தண்ணீர் யார் தேக்கியது என்ற கவலை இல்லை. ஆற்றிலும் இருக்கும், அணையிலும் இருக்கும், ஊர்க்குளத்திலும் இருக்கும். இந்தியாவில் மூன்று வகை முதலை உண்டு. நீண்ட மூக்குக் கரியால் சம்பல் மாதிரி ஓடுகிற ஆறுகளில் வாழ்வது. உவர்நீர் முதலை ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் பக்கம். நம் பக்கத்து முதலை இந்த மூன்றாவது. இந்தியில், மராட்டியில் 'மகர்' என்பார்கள். இது தண்ணீர் விஷயத்தில் ரொம்ப அனுசரித்துப் போகும். சாக்கடை கலந்தாலும் எப்படியோ காலம் தள்ளும். கோடையில் குளம் வற்றினால் கரையில் வளை தோண்டி உள்ளே கிடக்கும், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக நடந்தே வேறு குளத்துக்குப் போய்விடும். அது அனுசரிக்க முடியாத ஒரே விஷயம் கரை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பா ஒருமுறை சொன்னார்: "தண்ணி அதுக்குச் சோத்துக்கு. பொழப்பு பூரா கரையிலதான்." அப்போது எனக்குப் பதிமூன்று வயது. தண்ணீருக்குள் இருக்கிற பிராணிக்குக் கரையில் என்ன பொழப்பு என்று நான் சிரித்தேன். அந்த வருஷக் கோடையிலேயே விடை தெரிந்தது.

1975இல் மத்திய அரசு முதலைகளைக் காப்பாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடி எல்லா இடத்திலும் முதலை அருகிப் போயிருந்த காலம். அதை ஒட்டித்தான் அமராவதியில் வனத்துறை முதலைப் பண்ணை வைத்தது. அணையின் ஓரங்களில் முதலை இட்ட முட்டைகளை எடுத்து வந்து பண்ணையில் பொரிக்க வைப்பார்கள். இடம் தெரிந்தவர் என்பதால் அப்பாவையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போவேன்.

மாசி, பங்குனியில் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டு விட்டு அணை இறங்கிக் கிடக்கும். அப்போதுதான் பெட்டை முதலை கரையேறும். நீர் ஓரத்திலேயே முட்டை இடாது. கொஞ்சம் மேடாக, தண்ணீர் ஏறினாலும் எட்டாத இடமாக, மண் பொலபொலவென்று இருக்கிற சரிவாகத் தேடும். இரண்டு மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திரும்பிப் போன தடங்களை நான் பார்த்திருக்கிறேன். வீடு பார்க்கப் போகிற புதுப்பெண் மாதிரி என்று அம்மா சொல்வாள். கடைசியில் ஒரு இடம் பிடித்து, பின்னங்காலால் முழங்கை ஆழக் குழி தோண்டி, ஒரே ராத்திரியில் இருபத்தைந்து முப்பது முட்டை வரைக்கும் இட்டு மூடிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்பா ஒரு இரும்புக் கம்பியை மெதுவாகச் செருகிப் பார்ப்பார். மண் கெட்டியா, இளக்கமா என்று கையே சொல்லிவிடும்.

முட்டை எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்ததோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கையால் தூக்க வேண்டும். பண்ணையில் வைக்கும்போதும் கோடு மேலேதான் இருக்க வேண்டும். கோழி முட்டை மாதிரி உருட்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். பென்சில் கோடு போடுகிற வேலை எனக்குத் தரப்பட்டது. நான் வாழ்க்கையில் செய்த முதல் பொறுப்பான வேலை அது. பிற்பாடு லேத்தில் அளவு பிசகாமல் கோடு கீறும்போதெல்லாம் அந்த முட்டை ஞாபகம் வரும்.

ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதும் அந்த மண்தான் என்று பண்ணைக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். முட்டை கிடக்கும் மண்ணின் சூடு முப்பது டிகிரியாக இருந்தால் குட்டிகள் பெண். 32ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் ஆண்கள் அதிகம். இரண்டு மாதம் ஆனதும் குட்டிகள் முட்டைக்குள் இருந்தே கத்தும். அந்தச் சத்தம் கேட்டுத் தாய் வந்து குழியைத் தோண்டித் திறந்து, அத்தனை பெரிய பல்லுக்கு நடுவில் ஒவ்வொரு குட்டியாக வைத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடும். மாமல்லபுரம் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையில் அப்பா முதலையும் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளை தூக்குகிற அப்பாக்கள் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் குறைவு. குட்டிகளும் நடு ஏரிக்குப் போகாது. ஓரத்துக் கோரையில், வேர் இடுக்கில்தான் ஒளிந்துகொள்ளும். கொக்கு, உடும்பு, பெரிய மீன் எல்லாவற்றுக்கும் அது ஒரு வாய்ச் சோறு. கோரை இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது.

இப்போது பவாய்க்கு வருகிறேன்.

இந்த ஏரியின் ஒரு ஓரம் முழுக்கச் சாலை. இன்னொரு ஓரம் ஐஐடி. அதையும் தாண்டினால் விஹார் பக்கத்துக் காடு. சாலைப் பக்கம் நடைபாதை, கம்பிவேலி, படித்துறை, பூங்கா. முதலை அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். மண் கரை மிச்சமிருக்கிற பக்கம்தான் அதற்குப் படுக்கை, அடைகாக்கும் இடம், பிள்ளை வளர்க்கும் இடம் எல்லாம். அந்தப் பக்கத்தில்தான் மாநகராட்சி சைக்கிள் பாதை போட ஆரம்பித்தது. ஏரியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் என்று திட்டம். கரையோரம் தண்ணீருக்குள் கல்லைக் கொட்டினார்கள். கம்பி வலைக்குள் கல் அடுக்குவது கான்கிரீட் இல்லை, தண்ணீர் உள்ளே போய்வரும், அதனால் ஏரிக்குக் கெடுதல் இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். சரி, தண்ணீர் போய்வரும். முட்டை இட வருகிற பிராணி அந்தக் கல்லில் எங்கே தோண்டும்? ஐஐடி மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் வழக்குப் போட்டார்கள். 2022 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் இந்த வேலை ஈரநிலப் பாதுகாப்பு விதிகளுக்கு விரோதம் என்று சொல்லி, கொட்டியதை எடுத்து இடத்தைப் பழையபடி ஆக்கச் சொன்னது. தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னேன். "அப்பா இருந்திருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாருடா" என்றார்.

அந்தத் தீர்ப்போடு கதை முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். பெரிய திட்டங்களை நீதிமன்றம் தடுத்துவிடும். சின்னச் சின்னதாகக் கரை போவதை யார் தடுப்பது? ஏரியை ஒட்டிய ஒரு குடியிருப்பில் என் நண்பர் ஒருவர் தோட்ட வேலை பார்க்கிறார். குடியிருப்பின் பெயர் வேண்டாம். இரண்டு வருஷம் முன்பு அங்கே மதில் ஓரத்து மண்சரிவைச் சமப்படுத்திப் புல்வெளி போட்டு, ஓரத்தில் சிமெண்ட் கட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் மண் அரிக்காமல் இருக்க இன்னொரு வரிசைக் கல். யாரும் எதையும் ஆக்கிரமிக்கவில்லை என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். 'அழுக்காக' இருந்த இடத்தைச் சுத்தம் செய்தோம் என்றுதான் நினைப்பு. நண்பர் மட்டும், "அங்கே ஒரு பெரிய முதலை வந்து படுக்கும், இப்போ காணோம்" என்றார்.

அப்புறம் ஆகாயத்தாமரை. இங்கே ஜல்பர்ணி என்கிறார்கள். சாக்கடைத் தண்ணீர் கலக்கக் கலக்க அதற்கு உரம் போட்ட மாதிரி. பச்சைக் கம்பளமாகப் பரவி வெயிலை மறைத்துவிடும். தண்ணீரில் காற்று குறைந்து மீன் திணறும். முதலை நம்மைப் போல மூக்கால் மூச்சு விடுகிறது, அதனால் அதற்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. அதன் சாப்பாடு போய்விடும். (இந்த ஏரியிலும் ஜிலேபி மீன்தான் ஏராளம், எங்கள் அமராவதியைப் போலவே. ஊர் மாறினாலும் முதலைக்குச் சாப்பாடு மாறவில்லை. எனக்குத்தான் மாறிவிட்டது.) ஆகவே ஆகாயத்தாமரையை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. எப்போது எடுக்கிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் வருத்தம்.

மும்பையில் எல்லா வேலையும் மழைக்கு முன்னால் முடிய வேண்டும். ஏப்ரல், மே மாதம் வந்தால் ஊர் முழுக்க நாலா (பெரிய வடிகால்) தூர் வாருவது, கரை சரிசெய்வது, ஜேசிபி, லாரி. இந்த ஊருக்கு அது நியாயம்தான். 2005 ஜூலை 26ஆம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு தெருவுக்குள் வந்தபோது நான் பட்டறையின் பரண்மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். தூர் வாராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முதலையின் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். மாசி, பங்குனியில் முட்டை. சித்திரை, வைகாசியில் குஞ்சு பொரித்துத் தண்ணீர் சேர்வது. நம்முடைய மழைக்கு முந்தைய வேலையும் அந்த நாலு மாதத்துக்குள்தான். கண்ணுக்குத் தெரியாத குழியின் மேல் ஒரு ஜேசிபி ஒருமுறை ஏறி இறங்கினால் போதும். அடியில் இருந்தது என்ன என்று ஓட்டுகிறவருக்குக் கூடத் தெரியாது. எடுத்த ஆகாயத்தாமரையை மலைபோலக் கரையில் குவித்து வைத்தாலும் அதே கதிதான், மண்ணின் சூடு மாறிவிடும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஏரி முழுவதையும் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. காட்டை ஒட்டிய பக்கத்தில் முதலை கரையேறுகிற சில சரிவுகள் எவை என்று வனத்துறைக்குத் தெரியும், மீன்பிடிக்கிறவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அந்த இடங்களில் மட்டும் பிப்ரவரி தொடங்கி ஜூன் வரை இயந்திரம் இறங்கக்கூடாது. அங்கே இருக்கிற கோரையை வெட்டக்கூடாது. ஆகாயத்தாமரையை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள், குவியலை அன்றைக்கே லாரியில் ஏற்றுங்கள். இதற்குப் புதுப் பணம் தேவையில்லை. வேலை அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். பிள்ளையார் கரைப்பதைப் பற்றியும் எழுதலாம், ஆனால் அதில் கை வைத்தால் இந்தக் கடிதம் வேறு பக்கம் போய்விடும். செயற்கைக் குளத்தில் கரைக்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்தடி முதலை விளையாட்டுப் பொருளா? அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அம்மா கதையை முடித்ததும் தவறாமல் ஒன்று சேர்ப்பாள்: "சுந்தரர் இப்ப இல்ல கண்ணு, நீ தண்ணி ஓரம் போகாத." எங்கள் ஊரில் சில விதிகள் இருந்தன. இருட்டிய பிறகும் விடியும் முன்னாலும் நீரோரம் குனிந்து நிற்கக்கூடாது. மீன் கழுவிய கழிவை அங்கேயே கொட்டக்கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு நீரோரம் போகக்கூடாது. கரையில் முதலை படுத்திருந்தால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது. பவாயில் இதில் ஒன்றையும் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. போன பிப்ரவரியில் நாலு பையன்கள், படுத்திருந்த முதலை அசைந்தால்தான் வீடியோ நன்றாக வரும் என்று கல் எறிந்துகொண்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டேன். "அங்கிள், அது உங்க முதலையா?" என்று கேட்டான் ஒருவன், நல்ல தமிழில். தாராவிப் பையன்களாம். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மித்தியாகிக் குர்லா வழியாக உன் வீட்டை ஒட்டி மாஹிம் கழிமுகத்துக்குப் போகிறது. நீ மேலே எறிந்தது கீழே உன் ஊருக்குத்தான் வரும். அவன் கொஞ்சம் யோசித்த மாதிரி தெரிந்தது. கையில் இருந்ததைக் கீழே போட்டான். கல் எறிவதற்கும் சட்டம் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் இந்த முதலைக்கும்.

உண்மையிலேயே ஊருக்குள் முதலை வந்த செய்தி வேண்டுமென்றால் 2023 அக்டோபரில் தாதர் நீச்சல் குளத்தில் ஒரு குட்டி கிடந்ததே, அது ஊருக்குள் முதலை. 2024 மழையில் கொங்கண் பக்கத்துச் சிப்ளூண் ஊர்ச் சாலையில் ஒன்று நடந்து போனதே, அது. அதே வருஷம் வதோதராவில் விஸ்வாமித்ரி ஆறு பெருகி வீட்டு வாசலுக்கு வந்தவை. அப்படி எங்காவது பார்த்தால் கூட்டம் கூடாமல் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குப் போன் செய்யலாம் என்று அந்தப் படத்தின் கீழே ஒரு வரி போட்டிருந்தால் 'பீதி'யைவிட உபயோகமாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. தங்கள் புகைப்படக்காரர் நல்ல கண் உள்ளவர். மார்ச் முதல் வாரத்தில், வெயில் நன்றாக ஏறாத எட்டு மணிக்கு அவரை மறுபடி அனுப்புங்கள். முதலையைப் படம் எடுக்க வேண்டாம். அது படுத்து எழுந்து போன பிறகு அந்த மண்சரிவில் வயிற்றுத் தடமும், இரண்டு பக்கமும் நகம் பதிந்த கால் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் இருக்கும். பக்கத்திலேயே தோண்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் விட்ட குழிகளும் இருந்தாலும் இருக்கும். அதைப் போடுங்கள். எந்த இடம் என்று நான் நடைபாதையில் நின்றே கை காட்டுகிறேன். கிட்டே போகக்கூடாது, அதனால் நீளமான லென்ஸ் எடுத்து வரச் சொல்லுங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
அமராவதிநகர்க்காரன்,
சாக்கிநாக்கா, மும்பை.